திருப்பிக்காட்டு சாரும் கறுத்துப்போன சாவியும்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடிக்க நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்ததுதான். கடிகாரத்தைப் பார்த்த கண் தரையைப் பார்க்கவில்லை. சார்ஜர் ஒயர் காலில் சுற்றியது. மேசை மேலிருந்த என் மகளின் லேப்டாப் ஒயரோடு இழுபட்டு வந்து, மொசைக் தரையில் ஒரு மூலை குத்தி விழுந்தது. திரை ஒருமுறை வெளுத்து, பிறகு கறுத்தது. உள்ளேயிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

எண்ணூரிலிருந்து ஆந்திர எல்லை வரைக்கும், வாழ்க்கையில் நடக்கக்கூடிய எல்லா விபத்துக்கும் முன்கூட்டியே ஒத்திகை பார்த்து வைத்திருந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் திருப்பிக்காட்டு சார். சம்பளச் சீட்டில் வேறு ஏதோ பெயர் இருந்திருக்க வேண்டும். பதினெட்டு வருடம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்த எனக்கே அது தெரியாது.

கும்மிடிப்பூண்டியில் வால்வு வார்க்கிற கம்பெனி எங்களுடையது. நான் ஸ்டோரில். அவர் கம்ப்யூட்டர் பிரிவில். பிரிவு என்றால் அவரும் ஒரு மேசை விசிறியும் ஒரு இரும்பு அலமாரியும். யாராவது போய், “சார், பேக்கப் எடுத்தாச்சு” என்று சொன்னால் மற்ற ஊரில் “சரி” என்பார்கள். இவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “திருப்பிக் காட்டு” என்பார். எடுத்து வைத்ததை ஒரு காலி மெஷினில் மறுபடி ஏற்றி, அது திறந்து, அதில் எண்கள் சரியாக இருப்பதைக் கண்ணால் பார்க்கும்வரை அவரைப் பொறுத்தவரை பேக்கப் என்ற ஒன்றே எடுக்கப்படவில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை இந்தச் சடங்கு நடக்கும். அன்று ஸ்டோர் பாதி நாள் படுத்துவிடும். ஒருமுறை புரொடக்‌ஷன் மேனேஜர் ஓடி வந்து கத்தினார்.

“யோவ், வெளிய லோடு நிக்குதுய்யா!”

“லோடு நாளைக்கும் நிக்கும் சார். லிஸ்ட் நிக்குமா?”

“நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?”

“நேத்து வரைக்கும் எல்லாருந்தான் சார் நல்லா இருந்தாங்க” என்றார். மேனேஜருக்கு என்ன தோன்றியதோ, நேராகப் போய் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டிலும் இதே கதைதான். மாதம் ஒருமுறை சாவியை உள்ளேயே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்துவாராம். எதிர்வீட்டில் கொடுத்து வைத்த மாற்றுச் சாவி வேலை செய்கிறதா என்று பார்க்க. ஒரு மாதம் எதிர்வீட்டுக்காரர்கள் பெரியபாளையம் போய்விட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயுதபூஜைக்குக் கம்பெனிக்கு வந்த அவர் மனைவிதான் இதை என்னிடம் சொன்னார்.

“ ‘பாத்தியா, எதிர்ஊட்டுக்காரங்கள மட்டும் நம்பக் கூடாதுன்னு இப்பத் தெரிஞ்சிபோச்சில்ல’ன்னு சந்தோஷமா சொல்லிக்கினு குந்தினுகீறாரும்மா. தெரிஞ்சிகினு நான் இன்னா பண்றது? உள்ள அடுப்புல சாம்பாரு!”

இதையெல்லாம்விடப் பெரியது அவருடைய சுவர். யாராவது அவர் எதிரில் பாஸ்வேர்ட் தட்ட ஆரம்பித்தால் போதும், சார் சட்டென்று எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிடுவார். தட்டி முடித்து “சார்” என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். ஒருநாள் ஜெனரல் மேனேஜர் பாஸ்வேர்டைத் தட்டி, ஏதோ மெயிலைப் பார்த்துவிட்டு, அப்படியே சாப்பிடப் போய்விட்டார். முக்கால் மணி நேரம் கழித்து ஏப்பம் விட்டுக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது, சார் அதே சுவரைப் பார்த்து அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“என்னய்யா பண்றே?”

“நீங்க கூப்பிடல சார்.”

கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தவர் ஒருநாள் போனில் தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இவருக்கு எதுவோ தட்டியிருக்கிறது. “யோவ், அதான உன் பாஸ்வேர்டு?” என்று கேட்டு, அவர் விழித்த விழிப்பிலேயே பதிலைத் தெரிந்துகொண்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாற்ற வைத்தார். பாவம், பெற்ற பெண்ணை அந்த மனிதர் அதன்பிறகு ஒரு வாரம் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிட்டார்.

நாங்கள் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு பன்னிரண்டு வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் மகள் கயல் சமூகப்பணியில் முதுகலை கடைசி வருடம் படிக்கிறாள். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத்துக்கு வேலை செய்யும் பெண்களைப் பற்றித்தான் அவள் ஆய்வு. ஏழு மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வள்ளூர், அத்திப்பட்டு, பழவேற்காடு என்று வீடு வீடாகப் போய் முப்பத்தொரு பெண்களிடம் பேசிப் பதிவு செய்திருந்தாள். விரல் போனது, கரு கலைந்தது, சூப்பர்வைசர் செய்தது, புருஷனிடம்கூடச் சொல்லாதது. ஒவ்வொருவரிடமும், “உங்க பேரோ குரலோ வெளிய போகாதுக்கா” என்று சொல்லிவிட்டுத்தான் பதிவைத் தொடங்குவாள். போனால் அவர்கள் வேலை போகும். சிலருக்கு அதற்கு மேலும் போகும். வள்ளூரில் ஒரு அக்கா இரண்டு மணி நேரம் பேசி முடித்துவிட்டு, “இத்த இன்னொரு தபா என்னாண்ட கேக்காத பாப்பா” என்றாராம்.

அதனால்தான் அவளுடைய பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லி, லேப்டாப்பின் டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்ய வைத்திருந்தார். டிஸ்கைக் கழற்றி வேறு எதில் மாட்டினாலும் வெறும் குப்பைதான் தெரியும். திறக்க வேண்டுமென்றால் நாற்பத்தெட்டு இலக்கச் சாவி எண் வேண்டும். போனிலிருந்த பதிவுகளை அழித்தாயிற்று. இணையத்தில் எங்கும் ஏற்றக் கூடாது. இன்னொரு டிஸ்கில் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று போன மாதமே சொன்னாள். “அடுத்த வாரம் வாங்கலாம்” என்று சொன்னவள் நான்.

கயல் குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடி வந்து தரையில் உட்கார்ந்தாள். பட்டனை அழுத்தினாள். விளக்கு சிமிட்டி அணைந்தது. டிக், டிக்.

“அம்மா, ஆஃப் பண்ணிடறேன். ஓட ஓட இன்னும் கெட்டுப்போகும்” என்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது கத்தி, கொஞ்சம் தேறியிருப்பேன்.

அன்று லீவு சொல்லிவிட்டேன். என் கணவர் அத்திப்பட்டில் ஷிப்டில் இருந்தார். மெயின் ரோட்டிலிருக்கும் ஒரு ரிப்பேர் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றோம். கடைக்காரத் தம்பி மெஷினைக் காதில் வைத்துக் கேட்டான்.

“போர்டும் போச்சு, டிஸ்கும் போய்க்கினு கீது. அவசரமா எடுத்தாத்தான். சாவி நம்பர் குடுத்துட்டுப் போங்க. பூட்டத் தொறந்து, பைலையெல்லாம் நம்ம சிஸ்டத்துல கொட்டிக்கினு, அப்பறமா உங்களுக்கு ஒரு டிஸ்குல போட்டுத் தர்றேன்.”

“அப்போ உங்க சிஸ்டத்துல எல்லாம் திறந்து கிடக்குமா?” என்றாள் கயல்.

“சாயங்காலம் அழிச்சிடுவேங்க. நமக்கு இன்னா, அதெல்லாம் கேக்க டைமா கீது?”

நல்ல பையன்தான். உண்மையாகவே அழித்திருப்பான். ஆனால் கயல் லேப்டாப்பைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். வெளியே வந்து சொன்னாள்: “அம்மா, ஒரு நிமிஷம்கூட முடியாது. நான் சொல்லிட்டு வந்திருக்கேன் அவங்ககிட்ட.”

அப்போதுதான் எனக்குத் திருப்பிக்காட்டு சார் ஞாபகம் வந்தார். ஓய்வு பெற்றபிறகு மீஞ்சூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு தையல்கடைக்கு மேல் சின்ன அறை எடுத்து, போர்டு எதுவும் இல்லாமல், கெட்டுப்போன டிஸ்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

“முதல்ல சாவியை எடுத்துக்கலாம்மா. பத்திரமாத்தானே வெச்சிருக்கே?” என்றாள் கயல்.

“இல்லாம?” என்றேன். அந்த விஷயத்தில் மட்டும் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

இங்கே என் புத்திசாலித்தனத்தைச் சொல்லியாக வேண்டும். சாவி எண்ணைக் கயல் ஒரு துண்டுத்தாளில் பேனாவால் எழுதிக் கொடுத்து, “போட்டோ எடுக்காதே, பத்திரமா வை” என்றிருந்தாள். கையெழுத்து கோணலாக இருந்தது. தாள் நனைந்தால் அழியும். பதினெட்டு வருடமாக ஸ்டோரில் ரேக்குகளுக்கு ஸ்டிக்கர் அடித்தவளுக்கு அது பொறுக்குமா? கம்பெனிக்கு எடுத்துப் போய், ஸ்டிக்கர் பிரிண்டரில் வரிக்கு ஆறு எண், எட்டு வரி என்று அழகாக அடித்தேன். ரகசியம் காக்க, அவள் எழுதிய தாளைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துப் போட்டேன். ஸ்டிக்கரை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமி அலமாரியின் உள்பக்கப் பலகையில், முருகன் படத்துக்குப் பின்னால் ஒட்டினேன். திருடன்கூடக் கைவைக்க மாட்டான்.

முருகன் படத்தை நகர்த்தினேன். படம் மறைத்திருந்த வரைக்கும் ஸ்டிக்கர் வெள்ளையாக இருந்தது. படத்தைத் தாண்டி வலது ஓரம் கொஞ்சம் வெளியே நீண்டிருந்திருக்கிறது. அதை ஒட்டித்தான் விளக்கு. செவ்வாயும் வெள்ளியும் நான் பக்தியோடு ஏற்றிய விளக்கின் சூட்டில் அந்த ஓரம் தார் பூசியது போலக் கறுத்திருந்தது. அந்த பிரிண்டருக்கு மை கிடையாது. சூடு பட்டுத்தான் எழுத்து விழும். சூடு பட்டால் தாளும் கறுக்கும். எனக்கு இது தெரியாதா? ஃபர்னஸ் பக்கத்து ரேக்குகளில் ஒட்டிய ஸ்டிக்கரெல்லாம் கறுத்துப்போய், திருப்பிக்காட்டு சார் கையால் பெயிண்டில் எழுத வைத்தது என்னைத்தானே? ஃபர்னஸ் பக்கம் ஸ்டிக்கர் ஒட்டாதே என்று வந்த பையன்களையெல்லாம் பத்து வருடம் திட்டியவளும் நான்தானே? விளக்கும் ஒரு ஃபர்னஸ் என்று மட்டும் தோன்றவில்லை.

கயல் எட்டிப் பார்த்தாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்து, முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு சாரின் அறையில் இருந்தோம். தலை முழுக்க நரைத்திருந்தது. மற்றபடி அதே மேசை விசிறி.

“இன்னா ஸ்டோரம்மா, உயிரோட கீறியா?” என்றார். விஷயத்தைக் கேட்டார். லேப்டாப்பைத் திறந்து டிஸ்கைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து, அடிபட்ட பறவையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“சார், உள்ள இருக்கறது…” என்று கயல் ஆரம்பித்தாள்.

“சொல்லாத பாப்பா! உள்ள இன்னா கீதுன்னு எனக்கு வேணாம்.” காதைப் பொத்திக்கொண்டே பேசினார். “இத பாரு. பூட்டத் தொறந்து எடுக்கறதுன்னா, பெட்டியில கீற துணியெல்லாம் ரோட்ல கொட்டி, வேற பெட்டில அடுக்கற மாதிரி. பெட்டி வரும். பூட்டு வராது. நான் அப்பிடிப் பண்ண மாட்டேன். பூட்டின பெட்டிய பூட்டோட அப்பிடியே அச்சு எடுப்பேன். மொத புள்ளியிலேர்ந்து கடைசிப் புள்ளி வரிக்கும், எனக்குப் புரியாத குப்பையாவே. அந்தக் குப்பைய அப்பிடியே புது டிஸ்குல எறக்குவேன். அங்க போயும் பூட்டாத்தான் இருக்கும். சாவி மட்டும் உன்னுது. புரிஞ்சிதா?”

கயலின் முகத்தில் காலையிலிருந்து முதல்முறையாக ரத்தம் வந்தது.

“சாவி கீதா?” என்றார் என்னிடம்.

“வீட்ல இருக்கு சார்” என்றேன். பொய் இல்லை. கயல் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

“திருப்பிப் பாத்தியா? ஒரு தபாவாவது அந்தச் சாவியப் போட்டுத் தொறந்து பாத்தியா?”

நான் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். அவரும் மேலே கேட்கவில்லை. “நாளைக்குப் பத்து மணிக்கு வா. இது நடுநடுவுல நின்னு நின்னு மூச்சு வாங்கும். அவசரப்படுத்தினா செத்துடும்” என்றார்.

மறுநாள் காலை ஸ்டிக்கரை உரிக்கப் பார்த்தேன். ஓரம் கிழிய ஆரம்பித்தது. போட்டோ எடுக்கக் கூடாது. எழுதிக்கொண்டு போகலாம் என்றால், கறுப்புக்குள்ளே ஏதாவது தெரிகிறதா என்று சார் வழி சொல்ல, ஸ்டிக்கரே வேண்டியிருந்தால் என்ன செய்வது? ஆகவே படங்களை இறக்கிவிட்டு அலமாரியையே சுவரிலிருந்து கழற்றினேன். பழைய பட்டுப்புடவையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, மடியில் வைத்துக்கொண்டேன். எதிரில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“புது ஊடா கண்ணு?”

“ஆமாம்மா” என்றேன்.

“நல்லா இரு.”

அந்த வார்த்தை அன்று எனக்குத் தேவையாக இருந்தது. தையல்கடைக்காரர் நாங்கள் படியேறுவதைப் பார்த்து மிஷினை நிறுத்தி எழுந்து நின்றார். பின்னாலேயே வந்து, எங்கள் செருப்பையும் கழற்றச் சொன்னார்.

“இன்னாம்மா, என் ரூமுக்குக் கும்பாபிஷேகமா?” என்றார் சார்.

புடவையைப் பிரிக்காமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டிக்கர், விளக்கு, கிழித்துப்போட்ட தாள். தலையில் அடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“அச்சு முழுசா எடுத்தாச்சு. நாலு எடத்துல பல்லு பட்டுகீது, அங்க மட்டும் படிக்க முடியல, பெரிய பேஜாரு இல்ல. உன்னுதுல போர்டு போச்சு, அதனால புது டிஸ்குல எறக்கி என்னோட பழைய லேப்டாப்புல போட்டுகீறேன். சாவி கேட்டுக்கினு நிக்குது பாரு” என்றார் சுவரிடம். “இப்பப் புடவையப் பிரி. எத்தினி எண்ணு தெரியுது?”

“வரிக்கு அஞ்சு தெரியுது சார். எட்டு வரியிலயும் கடைசி எண் இல்ல. அடி வரியில மட்டும் கடைசி ரெண்டும் இல்ல.”

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கத்தான் செய்தார்.

“முருகன் படம் நல்லா அளவா மறைச்சிகீது! ஸ்டோரம்மா, பென்சில் எடு. அந்தச் சாவிய செஞ்சவன் புத்திசாலி. எழுதறவங்க தப்புப் பண்ணாத் தெரியணும்னு, ஒவ்வொரு வரியும் பதினொண்ணால மீதியில்லாம வகுபடற மாதிரிதான் வெச்சிருப்பான். ஒரு எண்ணு காணோம்னா கண்டுபுடிச்சிடலாம்.”

“எப்படி சார்?”

“ஒண்ணாவது, மூணாவது, அஞ்சாவது எண்ணைக் கூட்டு. அது ஒரு பக்கம். ரெண்டாவது, நாலாவது, காணாமப்போன ஆறாவது இன்னொரு பக்கம். ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். இல்லாங்காட்டி வித்தியாசம் பதினொண்ணா இருக்கணும். இப்ப மூணு, ஒண்ணு, எட்டு, சைபர், நாலுன்னு வெச்சிக்க. நானா சொல்றது, உன்னுது இல்ல. மூணும் எட்டும் நாலும் பதினஞ்சு. இந்தாண்ட ஒண்ணும் சைபரும் ஒண்ணு. சமமாக்க பதினாலு வேணும். ஒத்த எண்ணுல பதினாலு ஏது? பதினொண்ணக் கழி. மூணு. காணாமப்போனது மூணு.”

மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரத்து நாற்பத்து மூன்றைப் பதினொன்றால் வகுத்துப் பார்த்தேன். மீதியே இல்லை.

“கயல், நீ படி. நான் கூட்டறேன்.”

“இரு இரு!” என்று கத்தினார் சார். “நீ படிச்சா என் காதுல வுழும்ல?” சுவரைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நண்டு போல நகர்ந்து, ஆணியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். அதற்கு மேல் இரண்டு கையாலும் காதுப் பக்கத்தைப் பொத்திக்கொண்டார். “இப்பப் படி!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஏன் சார் இப்படி?” என்றேன். பதினெட்டு வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வி. ஹெல்மெட்டின் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கினார்.

“உன் ஸ்டோர்ல மூணாவது ரேக்கு, அஞ்சாவது தட்டு, இடது ஓரம்” என்றார். பிறகு பன்னிரண்டு எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு பார்ட் நம்பரை மூச்சு விடாமல் சொன்னார். நாங்கள் பல வருடத்துக்கு முன்பே நிறுத்திவிட்ட ஒரு வால்வின் எண். சரியாக இருந்தது. “ஒரு தபா பாத்தாப் போவாது ஸ்டோரம்மா எனக்கு. மறக்கத் தெரியாதவன் பாக்கக் கூடாது.” கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் அந்த நிமிடம் எனக்குள் திரும்பி வந்தது.

கயல் டார்ச் அடித்து எண்களைப் படித்தாள். நான் கூட்டினேன், கழித்தேன், வகுத்துச் சரிபார்த்தேன். அவளுக்கு நான்காம் வகுப்பில் வகுத்தல் வராமல் இருவரும் அழுதது ஞாபகம் வந்தது. இப்போது அவள் என் தோளுக்கு மேலே எட்டி, “அம்மா, அது ஏழு இல்ல, ஒண்ணு” என்று திருத்திக்கொண்டிருந்தாள். ஏழு வரி முடிந்தது. எட்டாவது வரியில் இரண்டு எண் இல்லாததால் ஒன்பது ஜோடி எண்கள் பொருந்தின. அதில் ஏதோ ஒன்றுதான் சரி. ஒவ்வொன்றாகப் போட்டோம்.

முதலாவது இல்லை. இரண்டாவது இல்லை. நான்காவதற்குப் பிறகு கயல் உதட்டைக் கடிக்க ஆரம்பித்தாள். ஐந்து. ஆறு. ஒருவேளை மேலே ஏதாவது ஒரு வரியில் நான் தவறாக அடித்திருந்தால்? கிழித்துப்போட்ட தாளோடு அதைச் சரிபார்த்தேனா? நினைவில்லை. ஹெல்மெட் அசையாமல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

ஏழாவது ஜோடியைப் போட்டுப் பொத்தானை அழுத்தியதும் திரை நீலத்திலிருந்து கறுப்பாகி, பிறகு கயல் வைத்திருந்த பழவேற்காட்டுப் படகுப் படம் விரிந்தது.

நான் போய் ஹெல்மெட்டைத் தட்டினேன்.

“தொறந்துச்சா?”

“திறந்துடுச்சு சார்.”

“பூட்டு இன்னும் இருக்குன்னு சொல்லுதா? பாப்பா, பாத்துச் சொல்லு.”

கயல் பார்த்தாள். “புது டிஸ்கும் என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கு சார். அப்படியே.”

“சரி. திருப்பிக் காட்டு.” பிறகு அவசரமாக, “எனக்கு இல்ல. ஒண்ணைத் தொறந்து நீ மட்டும் கேளு. ஸ்டோரம்மா, நீயும் வெளிய வா” என்றார்.

“நான் அவ அம்மா சார்.”

“உன்னாண்டயா அவங்க சொன்னாங்க?”

கீழே தையல்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். தையல்காரர் டீ வாங்கிவந்தார். சார் குடிக்கவில்லை, படியையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம். நான் அதற்குள் வேண்டாத சாமி இல்லை. அலமாரி வேறு மேலே காலியாகக் கிடந்தது.

கயல் ஹெட்போனைக் கழுத்தில் போட்டபடி படி இறங்கி வந்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

“இருக்கும்மா” என்றாள். “தொடக்கத்துல ஒரு சிரிப்பு வரும். அதுவும் அப்படியே இருக்கு.”

“யாரு, அந்த வள்ளூர் அக்காவா?”

“சொல்ல மாட்டேன்” என்றாள்.

சார் அப்போதுதான் டீயை எடுத்தார். ஆறிப்போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “பொண்ண நல்லா வளத்துகீற” என்றார் தையல் மிஷினைப் பார்த்துக்கொண்டு.

மேலே இன்னொரு மணி நேரம் பிடித்து வைத்துக்கொண்டார். பழைய சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுச் சாவி போட வைத்தார். ஆயுதபூஜை சந்தனம் இன்னும் ஒட்டியிருந்த ஒரு புது டிஸ்கில், பூட்டோடு இன்னொரு நகல் எடுத்துக் கயலிடம் கொடுத்தார். பிறகு என் கையில் ஒரு மைப்பேனாவைக் கொடுத்தார். புதுச் சாவியை இரண்டு தாளில் நானே எழுதினேன். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது, டிஸ்க் இருக்கிற வீட்டில் இருக்கவே கூடாது, விளக்கு பக்கம் தலைவைத்துப் படுக்கவும் கூடாது என்றார். எங்கே வைத்திருக்கிறேன் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அவர் மீஞ்சூரிலிருந்து நடந்தே வந்து மாற்ற வைப்பார்.

சாமி அலமாரி மறுபடி அதே ஆணியில் தொங்குகிறது. முருகனுக்குப் பின்னால் சுரண்டிய மரம்தான் இருக்கிறது. ஆனால் இன்னும் ஏதாவது பொருள் கீழே விழும் சத்தம் கேட்டால் எனக்குக் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றுகிறது.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கயல் என்னைப் பார்த்தாள். நான் கயலைப் பார்த்தேன். கூடத்துச் சுவரில் காலையிலேயே ஒரு காலண்டரை மாட்டி வைத்திருந்தோம். பழவேற்காட்டு ஏரிப் படம் போட்டது. நிற்கிறவருக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டுமே. தேதித் தாள்களை மட்டும் கிழித்து எடுத்திருந்தோம். அதிலிருக்கும் எண்களை அவர் வீணாக ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டாம் என்று.

கதவைத் திறந்தேன். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார் திருப்பிக்காட்டு சார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

“உள்ள வாங்க சார், நாஷ்டா சாப்பிட்டுட்டு…”

“நாஷ்டா இன்னா நாஷ்டா” என்று நேராகப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். ஏரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “அது ஆறினாலும் துன்னலாம் ஸ்டோரம்மா. மொதல்ல திருப்பிக் காட்டு.”